விளையாட்டுக்கும் விண்டோஸ் வேண்டுமோ?

வழக்கம் வேறு, இன்றியமையாமை வேறு. நெடுங்காலம் ஒரு பொருளோடு பழகிவிட்டோர், அப்பொருள் இல்லையேல் வாழ்வே இல்லை என எண்ணத் தலைப்படுவது மாந்தர் இயல்பு. கணினி உலகில் இவ்வியல்பு முற்றி, ஒரு கொள்கையின் நிலையையே எய்திவிட்டது. "கணினியில் ஆட்டம் ஆட வேண்டுமானால் விண்டோஸ் வேண்டும். லினக்ஸ் நல்லதுதான், ஆயினும் அஃது அறிவியலார்க்கும் பொறியியலார்க்கும் உரியது, ஆடுவோர்க்கு ஆகாது" என்பதே அக்கொள்கை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இக்கூற்று உண்மையாக இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்னரும் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. இன்று இஃது ஆராயாமல் ஒப்பிக்கப்படும் பழம்பாடம். அப்பாடத்தை மறுப்பதற்கே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கணினியின் உறுப்புகளுக்கும் நாம் கையாளும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று பணிபுரியும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் என்னும் இயங்குதளம் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உடைமை. லினக்ஸ் அத்தகையதன்று. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த கருவைச் சுற்றி, உலகெங்கும் பல்லாயிரவர் கூடி வளர்த்தெடுத்தது அது. அதனை எவரும் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

"விளையாட்டுப் பேச்சுக்கு இத்தகைய தொகுப்பில் இடம் உண்டா?" என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் மாணவர்கள் பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் எதில் மனம் செலுத்துகின்றனர் என்பதை அறியாத ஆசிரியர் இலர். ஆட்டம் நன்றா தீதா என்பது வேறு வழக்கு. அதனை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஆடும் பொறி யாருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டது என்பதே ஈண்டு எழும் வினா. மேலும், கட்டுரை எழுதவும் மின்னஞ்சல் அனுப்பவும் இணையம் காணவும் லினக்ஸ் போதும் என்பதை மறுப்பார் இன்று அரியர். "எல்லாம் சரி, பிள்ளை விளையாட வேண்டுமே!" என்னும் ஒரு சொல்லே பல வீடுகளில் மாற்றத்தைத் தடுத்து நிற்கிறது. அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்ப்பது வீண்பேச்சு ஆகாது.

ஒதுக்கப்பட்ட கணினிகள்

2015ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. இல்லங்களில் பயன்படுத்துவோர் ஓராண்டு நீட்டிப்பு வேண்டினால் 30 அமெரிக்க வெள்ளி செலுத்தலாம். அல்லது நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து, தம் கணினியின் அமைப்புகளை அதன் சேமிப்பகத்தில் ஒப்படைத்தால் கட்டணமின்றிப் பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. காசு கொடு, இன்றேல் கணக்குக் கொடு என்பதே இதன் பொருள்.

"விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே?" எனின், அதன் வாயிலில் காவலர் உளர். 2021 அக்டோபரில் வந்த அத்தளம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூற்றையும், நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள மையச் செயலியையும் கேட்கிறது. இன்டெல் செயலிகளுள், சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 2017 சனவரியில் விற்பனைக்கு வந்த ஐ7 7700 என்னும் செயலி ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது. அந்நாளில் ஆட்டக்காரர்கள் விரும்பி வாங்கிய உயர்தரச் செயலிகளுள் அஃது ஒன்று. தக்க வரைகலை அட்டை உடனிருப்பின், 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி விட்சர் 3' போன்ற பேராட்டங்களை இன்றும் இடறின்றி ஓட்டவல்லது. ஆயினும் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பாதுகாப்பின் பொருட்டே இந்த வரம்பு என்பது நிறுவனத்தின் விளக்கம். டி.பி.எம். பயனற்றது என்று நாம் வழக்காடவில்லை. ஆனால், பாதுகாப்பின் பெயரால் வரம்பு வகுத்தவர்களே, வரம்புக்கு வெளியே நின்ற கோடிக்கணக்கான கணினிகளைப் பாதுகாப்புத் திருத்தம் இன்றி விடுவதற்கு நாள் குறித்தார்கள். இம்முரணை எவ்வாறு பொறுத்துக்கொள்வது? பொறி பழுதுபடவில்லை, அதற்கு வழங்கப்பட்டிருந்த ஒப்புதல் முடிந்துவிட்டது, அவ்வளவே. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை விற்றவன் ஒரு நாட்குறிப்பால் முடித்துவைக்கலாம் என்னும் நிலையை வேறு எந்தப் பொருளிலும் நாம் ஏற்கமாட்டோம். நம் மாணவர் பலரின் மேசையில் இருப்பவை அண்ணனோ அக்காளோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கணினிகள். "புதியது வாங்கு" என்னும் அறிவுரை வசதி படைத்தோர்க்கு எளிது. ஏனையோர்க்கு அது பெருஞ்செலவு.

இதே கணினியில் லினக்ஸ் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். அதன்மேல் ஆட்டமும் ஓடும் என்பதே இனிக் காட்டப்படுவது.

கட்டு விழுந்த கதை

ஆட்டம் விண்டோஸில்தான் ஓடும் என்பது இயற்கையின் விதியா? இல்லை. அதற்குப் பிறந்தநாள் உண்டு. முப்பரிமாணக் காட்சிகளைத் திரையில் வரைவதற்கு ஓபன்ஜிஎல் என்னும் பொதுநெறி 1992 முதலே இருந்தது. 1995ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட், டைரக்ட்எக்ஸ் என்னும் தனக்கே உரிய நெறித்தொகுதியை வெளியிட்டது. ஆட்டம் படைப்போர்க்கு அது வசதியாக அமைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் வழியே எழுதப்பட்ட ஆட்டம் வேறு கணினித் தளங்களில் ஓடாது. படைப்போர் அங்கே சென்றனர். ஆடுவோர் படைப்போரைத் தொடர்ந்தனர். கடைக்காரர் ஆடுவோரைத் தொடர்ந்தனர். ஒரு வணிக ஏற்பாடு இவ்வாறு நாளடைவில் 'இயற்கை' என்னும் தோற்றம் பெற்றது.

தமிழாசிரியர்களுக்கு இத்தகைய கட்டு புதிதன்று. தொண்ணூறுகளில் தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஒரு மென்பொருளில் எழுதிய கட்டுரையை மற்றொன்றில் திறந்தால் எழுத்துகள் உருத்தெரியாமல் சிதைந்து நின்றன. எழுதியவரின் கட்டுரை எழுத்துரு விற்றவரின் பூட்டுக்குள் கிடந்தது. 1997ஆம் ஆண்டு மே திங்களில் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டில் பல நாட்டு அறிஞர்கள் கூடிப் பொதுக் குறியீடு பற்றிக் கலந்துரையாடியது அந்நிலையை மாற்றுவதற்கே. பின்னர் யூனிகோடு பரவியபோது பூட்டு உடைந்தது. ஒரே கட்டுரையை எந்தக் கணினியிலும் எந்தக் கைப்பேசியிலும் படிக்கிறோம். எழுத்துக்கு நாம் கேட்டுப் பெற்ற அந்த உரிமையைத்தான் ஆட்டத்திற்கும் கேட்கிறோம்.

லினக்ஸ் தளத்தில் ஆட்டம் ஆடும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1993இல் டாஸ் தளத்தில் வெளிவந்து உலகையே ஈர்த்த 'டூம்', மறு ஆண்டே லினக்ஸுக்கும் வந்தது. 1997இல் அதன் மூலநிரல் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டபோது, வழங்கப்பட்டது லினக்ஸ் பதிப்பின் நிரலே. 1998இல் தொடங்கிய லோக்கி என்னும் நிறுவனம் புகழ்பெற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக லினக்ஸுக்கு மாற்றி விற்றுப் பார்த்தது. வாங்குவோர் போதவில்லை, 2002இல் கடையை மூடிற்று. ஆடுவோர் இல்லாமையால் ஆட்டம் வரவில்லை. ஆட்டம் வராமையால் ஆடுவோர் வரவில்லை. ஒவ்வோர் ஆட்டத்தையும் தனித்தனியே மாற்றி எழுதும் வழியால் இச்சுழலை உடைக்க முடியாது என்பது அன்றே தெளிவாயிற்று.

மொழிபெயர்ப்பாளன் செய்த மாற்றம்

வேறொரு வழி இருந்தது. ஆட்டத்தை மாற்ற வேண்டா. ஆட்டம் பேசும் மொழியை லினக்ஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் போதும். 1993ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்ற 'வைன்' என்னும் திறமூலத் திட்டம் இதனையே மேற்கொண்டது. விண்டோஸில் ஓடும் ஒரு மென்பொருள், "இக்கோப்பைத் திற", "இச்சாளரத்தை வரை", "இவ்வொலியை எழுப்பு" என்று இயங்குதளத்தை நோக்கி ஓயாது ஏவல் இடுகிறது. வைன் இடையில் நின்று அவ்வேவல்களைக் கேட்டு, லினக்ஸுக்குப் புரியும் ஏவல்களாக மாற்றித் தருகிறது. ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியைப் போலியாக உருவாக்கும் முறை வேறு. அது பெரிதும் வேகத்தைக் குறைக்கும். வைன் அவ்வாறு செய்வதில்லை. மொழியறிந்த ஒருவர் உடனிருந்து பெயர்த்துச் சொல்வது போன்றது அது.

எனினும் நெடுங்காலம் அம்மொழிபெயர்ப்பு ஆட்டங்களுக்குப் போதுமானதாக இல்லை. அதனைப் போதுமானதாக்கிய நிகழ்ச்சிகளைக் காண்போம். கணினி ஆட்டங்களை இணையத்தில் விற்கும் 'ஸ்டீம்' என்னும் அங்காடியை நடத்துவது வால்வ் நிறுவனம். அதன் தலைவர் கேப் நியூவெல், முன்னர் மைக்ரோசாப்ட்டில் பல்லாண்டு பணியாற்றியவர். 2012இல் அவர், வரவிருந்த விண்டோஸ் 8 கணினித் தொழிலுக்கே ஒரு பேரிடர் என்று வெளிப்படையாகக் குறைகூறினார். இயங்குதளத்தின் உடைமையாளனே அங்காடியும் திறந்தால் மற்ற அங்காடிகளின் கதி என்ன என்பது அவர் கவலை. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015இல் லினக்ஸ் அடிப்படையிலான 'ஸ்டீம் மெஷின்' ஆட்டக் கணினிகள் வந்தன. ஆட்டங்கள் போதாமையால் தோற்றன.

தோல்வியிலிருந்து பாடம் பெற்றார்கள். 2018 ஆகஸ்டில் வால்வ், வைன் திட்டத்தை அடியாகக் கொண்ட 'புரோட்டான்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. டைரக்ட்எக்ஸ் ஏவல்களை, 2016இல் வந்த 'வல்கன்' என்னும் பொதுநெறிக்கு மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. என்னும் திறமூல மென்பொருளும் அதனுள் இணைக்கப்பட்டது. முதல்நாள் சோதித்துச் சான்றளிக்கப்பட்டவை 27 ஆட்டங்கள் மட்டுமே. பின்னர் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் அவ்வழியே ஓடத் தொடங்கின. பெரும்பாலானவற்றின் படைப்பாளிகள் லினக்ஸுக்கென ஒரு வரியும் எழுதவில்லை. 2022 பிப்ரவரியில், லினக்ஸையே இயங்குதளமாகக் கொண்ட 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்க ஆட்டக் கணினி விற்பனைக்கு வந்தது. அதே திங்களில் வெளிவந்த 'எல்டன் ரிங்' என்னும் பேராட்டம் விண்டோஸில் திக்கித் திணறி ஓடுவதாக ஆடியோர் பலர் குறைகூறினர். வால்வின் பொறியாளர்கள் புரோட்டானில் செய்த திருத்தத்தால் ஸ்டீம் டெக்கில் அத்திணறல் பெரிதும் குறைந்தது. மூலத்தின் குறையை மொழிபெயர்ப்பு தணித்த விந்தை அது!

வால்வ் நிறுவனத்தை அறச்சாலையாக வருணிப்பது நம் கருத்தன்று. அதுவும் ஒரு கடைதான்; ஸ்டீம் மென்பொருளும் மூடிய மென்பொருள்தான். தன் வாணிகத்தைக் காத்துக்கொள்ளவே அது லினக்ஸை நாடியது. ஆயினும் தன்னலத்தால் வெட்டிய குளத்தில் ஊரார்க்கும் நீர் கிடைக்கிறது. புரோட்டானின் நிரல் வெளிப்படையாக உள்ளது. வால்வ் நாளையே மறைந்தாலும் அந்நிரலை எவரும் எடுத்து வளர்க்கலாம். விண்டோஸைப் பற்றி இவ்வாறு கூற இயலுமா?

மறுப்புகளும் விடைகளும்

"லினக்ஸில் ஆட்டம் மெதுவாக ஓடும்" என்பது முதல் மறுப்பு. சில ஆட்டங்கள் விண்டோஸைவிடச் சற்று விரைந்தும், சில சற்றுத் தாழ்ந்தும், பல வேறுபாடு தெரியாமலும் ஓடுகின்றன. ஏ.எம்.டி. வரைகலை அட்டைகளுக்கான திறமூல இயக்கிகள் லினக்ஸோடு சேர்ந்தே வருவதால் அவற்றில் தொல்லை குறைவு. என்விடியா அட்டைகளில், டைரக்ட்எக்ஸ் 12 வழி எழுதப்பட்ட ஆட்டங்கள் சில உணரத்தக்க அளவு தாழ்ந்து ஓடியதுண்டு. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. நொடிக்கு 100 சட்டங்கள் வரைந்த கணினி 92 சட்டங்கள் வரையுமாயின், அந்த எட்டுக்காக ஓடுகின்ற கணினியையே தூக்கி எறியலாமா என்பதே கேள்வி.

"லினக்ஸ் கடினம்; கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும்" என்பது இரண்டாம் மறுப்பு. ஸ்டீம் டெக் வாங்கியவர்கள் கட்டளை எழுதியா ஆடுகின்றனர்? லினக்ஸ் மிண்ட், பாஸைட் முதலிய வழங்கல்களில் அங்காடியைத் திறந்து, ஆட்டத்தைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தினால் போதும். சிக்கல் ஒருபோதும் வாராது என்று உறுதி கூறவில்லை. விண்டோஸிலும் சிக்கல் வரும். அதனைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம் என்பதே வேறுபாடு. புதிய தளத்தில் நேரும் சிறு இடறலைப் பெருங்குற்றமாகவும், பழைய தளத்தின் பெருங்குற்றத்தைச் சிறு இடறலாகவும் எண்ணுவது நடுவுநிலை ஆகாது.

"ஊரெல்லாம் விண்டோஸ், ஆடுவோரில் எத்தனை பேர் லினக்ஸில் இருக்கின்றனர்?" என்பது மூன்றாம் மறுப்பு. ஸ்டீம் அங்காடி திங்கள்தோறும் வெளியிடும் கணிப்பில், 2025 அக்டோபரில்தான் லினக்ஸ் முதன்முறையாக 3 விழுக்காட்டைக் கடந்தது. சிறுபான்மைதான். ஆனால் எண்ணிக்கையால் ஒன்றன் தகுதியை அளப்பதாயின், இந்நாட்டில் தமிழில் கட்டுரை எழுதும் நாமும், அதைப் படிக்கும் நீங்களும் என்றோ எழுதுகோலைக் கீழே வைத்திருக்க வேண்டும்! சிறுபான்மை என்பதற்காக ஒரு நல்ல வழியைக் கைவிடும் அறிவுரை தமிழாசிரியர் வாயிலிருந்து வரலாகாது.

அடைத்த கதவு

நான்காம் மறுப்பே வலியது. இணையத்தில் பலர் கூடிப் போட்டியிடும் புகழ்பெற்ற ஆட்டங்கள் சில லினக்ஸில் ஓடுவதில்லை. ஃபோர்ட்நைட், வலோரண்ட் ஆகியவற்றுக்கு அங்கு இடமில்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், வைன் வழியே லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டம். 2024இல் வான்கார்ட் என்னும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அதில் கட்டாயமாக்கப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் ஆட்டக்காரர்களைத் தடுத்தது. இவ்வாட்டங்களே உயிர்நாடி என வாழும் மாணவனுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நீ இப்பொழுது மாற வேண்டா. பொய்யான உறுதிமொழியால் ஒருவரை மாற்றினால், அவர் மறுவாரமே திரும்பிச் செல்வார்; செல்லும்போது பத்துப் பேரையும் தடுத்துவிட்டுச் செல்வார்.

ஆயினும் அக்கதவை அடைத்தவர் யார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஈஸி ஆண்டிசீட், பேட்டில்ஐ என்னும் இரு பெரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களும் 2021ஆம் ஆண்டிலேயே புரோட்டானுக்கு வழிவிட்டன. அவ்வழியைத் திறப்பதும் அடைப்பதும் ஆட்ட நிறுவனத்தின் விருப்பம். சிலர் திறந்தனர், சிலர் மறுத்தனர். லினக்ஸில் ஏமாற்றுவோரைக் கண்டுபிடிப்பது அரிது என்பது மறுத்தோர் கூறும் காரணம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் வால்வின் 'கவுண்டர் ஸ்டிரைக் 2', 'டோட்டா 2' ஆகிய பெரும்போட்டி ஆட்டங்கள் லினக்ஸிலேயே நேரடியாக ஓடுகின்றன. ஆகவே இயலாமை என்னும் சொல் இங்கே பொருந்தாது. விருப்பமின்மை என்பதே பொருந்தும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. வான்கார்ட் போன்றவை கணினியின் கெர்னல் எனப்படும் ஆழ்ந்த அடுக்கில் அமர்கின்றன. கணினி விழிக்கும்போதே தாமும் விழிக்கின்றன. அவ்வடுக்கில் இருப்பது எதுவாயினும், அதற்குக் கணினி முழுவதும் திறந்த வீடு. அவ்வடுக்கில் ஒரு பிழை நேர்ந்தால் என்னாகும் என்பதை 2024 சூலை 19ஆம் நாள் உலகம் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்களின் பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. அது பாதுகாப்பு மென்பொருள். ஆட்ட மென்பொருள் அன்று. எனினும் இரண்டும் அமரும் இடம் ஒன்றே. ஒரு மருத்துவமனையோ வங்கியோ அத்தகைய உரிமையை ஆராய்ந்து வழங்குகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஓர் ஆட்டத்திற்காக வீட்டுக் கணினியின் சாவிக்கொத்தையே வழங்குவதை எந்தப் பெற்றோர் அறிந்து ஒப்பினர்? லினக்ஸ் பக்கம் நின்று நாம் கேட்கும் இவ்வினாவை, விண்டோஸில் ஆடுவோரும் கேட்க வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

மாற்றம் என்பது பழையதை ஒரே நாளில் அழிப்பதன்று. முதலில், மாணவன் தான் உண்மையில் ஆடும் ஆட்டங்களைத் தாளில் எழுதட்டும். புரோட்டான்டிபி என்னும் இணையத்தளத்தில் ஆட்டந்தோறும் பயனாளர் எழுதிய பட்டறிவுக் குறிப்புகள் உள்ளன. அவற்றோடு தன் பட்டியலை ஒப்பிடட்டும். அடுத்து, படங்கள், பாடக் குறிப்புகள், ஆட்டச் சேமிப்புகள் அனைத்துக்கும் வேறிடத்தில் படி எடுத்து வைக்கட்டும். விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின் அதன் மீட்புக் குறியீட்டையும் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் லினக்ஸ் மிண்ட்டை ஒரு விரலியில் ஏற்றி, வட்டில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கட்டும். திரையும் ஒலியும் இணையமும் சரியாக இயங்கினால், இரண்டாவது வட்டு ஒன்றில் நிறுவலாம். விண்டோஸ் தன் இடத்திலேயே இருக்கட்டும். ஒரு திங்கள் கழித்து எதனை மிகுதியாகத் திறந்தோம் என்று எண்ணிப் பார்த்தால் முடிவு தானே தெரியும்.

இம்முயற்சியில் மாணவன் பெறும் பயன் ஆட்டத்தோடு நிற்பதில்லை. கோப்பு எங்கே இருக்கிறது, இயக்கி என்றால் என்ன, பிழைச்செய்தியை எவ்வாறு படிப்பது என்பவற்றை அவன் தேவையின் பொருட்டே கற்கிறான். விருப்பத்தால் கற்பது மறப்பதில்லை என்பதை ஆசிரியர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப்பங்கும் உண்டு. ஸ்டீம் டெக்கின் மேசைத் திரையாக விளங்குவது கே.டி.இ. என்னும் திறமூலப் படைப்பு. அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு, செய்பவர்கள் தன்னார்வலர்கள், பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. விண்டோஸிலும் தமிழ் இடைமுகம் உண்டு என்பது உண்மையே. ஆயினும், அதில் ஒரு சொல் பிழைபட்டிருந்தால் நாம் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கோ, சொல்லைத் திருத்தித் தன்னார்வலர் குழுவிடம் நாமே ஒப்படைக்கலாம். ஏற்கப்பட்டால் அது உலகெங்கும் உள்ள தமிழர் திரைகளில் தோன்றும். கலைச்சொல் பற்றி மேடைதோறும் வாதிடும் நாம், அச்சொல் வாழ வேண்டிய இடத்தில் அதனை நட்டுவைக்கும் வாய்ப்பை ஏன் விட்டுவைக்க வேண்டும்? வகுப்பில் ஆட்டப்பித்துப் பிடித்த மாணவன் ஒருவனும், அகராதிப் பித்துப் பிடித்த ஆசிரியர் ஒருவரும் சேர்ந்தால் அப்பணி நடக்கும்.

விண்டோஸை விரும்பி வைத்துக்கொள்வோரோடு நமக்குப் பகை இல்லை. அறிந்து தேர்ந்தவர் எதைத் தேர்ந்தாலும் அது அவர் உரிமை. வேறு வழியே இல்லை என்று நம்பித் தேர்ந்தவரோடுதான் நமக்கு வழக்கு. வழி இருக்கிறது. அதில் நடப்போர் இருக்கின்றனர். உங்கள் வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் பழைய கணினியே அதற்கு முதற்படி ஆகலாம். அதனைக் குப்பைக்கு அனுப்புவதற்கு முன், ஒரு மாலைப் பொழுதை மாணவனோடு அதன்முன் செலவிடுங்கள்; விரும்பிய ஆட்டத்தை அவன் அதில் ஆடிக் காட்டட்டும். பிறகு முடிவு செய்யுங்கள்.